நாஸ்கார் பந்தயங்களில் தடங்களின் கலவையை மாற்ற வேண்டுமா?

அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதல்நிலைத் தொடர் 'கப்'. அதில் ஆண்டுக்கு 36 பந்தயங்கள். பெரும்பாலானவை ஓவல் தடங்களில். கார்கள் இடது பக்கம் மட்டுமே திரும்பும். கேள்வி கேட்டவரின் யோசனை இது: அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும் ஒன்றரை மைல் ஓவல்களைக் குறைத்துவிட்டு, ஷார்ட் டிராக் எனப்படும் குட்டித் தடங்களையும் இரண்டு பக்கமும் திரும்பும் ரோடு கோர்ஸ்களையும் கூட்டினால் பந்தயம் சுவாரசியமாகிவிடாதா?

நியாயமான யோசனைதான். ஆனால் இதை நாஸ்கார் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 2018 முதல் 2023 வரை அட்டவணையைப் புரட்டிப் போட்டார்கள். விளைவு யாரும் எதிர்பாராதது. மூடச் சொல்லி ரசிகர்கள் கத்திய ஒன்றரை மைல் தடங்களில்தான் இன்று நல்ல பந்தயம் நடக்கிறது. கெஞ்சிக் கேட்டு வாங்கிய குட்டித் தடங்களில் முந்த வழியில்லாமல் வரிசை கட்டி ஓடினார்கள். ஆகவே என் பதில்: சில திருத்தங்கள் வேண்டும், அவற்றைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் எந்த வகைத் தடம் எத்தனை என்பதைவிட, அங்கே போட்டிருக்கும் தார் எவ்வளவு பழையது, டயர் எவ்வளவு தேய்கிறது, இன்ஜினுக்கு எவ்வளவு திறன் கொடுக்கிறார்கள் என்பவைதான் பந்தயத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் இப்போதைய கணக்கு. 2026 அட்டவணையில் 26 தடங்கள். அவற்றில் 10 தடங்களுக்கு இரண்டு பந்தயம், மீதி 16க்கு ஒன்று. ஒரு மைலுக்குக் குறைவான ஷார்ட் டிராக்குகளில் 7 பந்தயங்கள்: மார்ட்டின்ஸ்வில்லில் 2, பிரிஸ்டலில் 2, ரிச்மண்ட், அயோவா, நார்த் வில்க்ஸ்போரோ. ஒன்றரை மைல் தடங்களில் 9: லாஸ் வேகாஸ் 2, கான்சஸ் 2, சார்லட் 2, டெக்சஸ், சிகாகோலாண்ட், ஹோம்ஸ்டெட். கார்கள் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் கூட்டமாக ஓடும் டேட்டோனா, டல்லடேகா, அட்லாண்டா மூன்றிலும் சேர்த்து 6. ரோடு கோர்ஸும் தெருத் தடமும் சேர்ந்து 4: ஆஸ்டின், வாட்கின்ஸ் கிளென், சொனோமா, சான் டியாகோ கடற்படைத் தளம். மீதி 10 எந்தப் பெட்டியிலும் அடங்காதவை: முட்டை வடிவ டார்லிங்டனிலும் ஃபீனிக்ஸிலும் இரண்டிரண்டு, மூன்றே வளைவு உள்ள போக்கோனோ, நியூ ஹாம்ப்ஷயர், நாஷ்வில், கேட்வே, மிச்சிகன், இண்டியானாபொலிஸ்.

மார்ட்டின்ஸ்வில் 0.526 மைல், அதாவது சுமார் 850 மீட்டர். வளைவில் 12 டிகிரிதான் சாய்வு. டல்லடேகா 2.66 மைல், நாலேகால் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். சாய்வு 33 டிகிரி. அதன் மேல் ஏறி நிற்பதே சிரமம். ஒரே ஓட்டுநர் இரண்டிலும் ஜெயிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்த வகையில் கலவை இப்போதே பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

இந்தக் கலவை எந்தக் காலத்திலும் நிலையாக இருந்ததில்லை. 1949-ல் சார்லட்டில் நடந்த முதல் பந்தயம் மண் தடத்தில். 1950-ல் டார்லிங்டன் வந்தது, தார் போட்ட முதல் பெரிய ஓவல். நிலத்தை விற்றவர் தன் மீன் குட்டையைத் தொடக்கூடாது என்றதால் ஒரு பக்க வளைவைச் சுருக்கினார்கள். இன்றும் அதன் இரண்டு முனைகளும் வெவ்வேறு மாதிரிதான் ஓடும். 1959-ல் டேட்டோனா, 1969-ல் டல்லடேகா. 1964-ல் ஒரே ஆண்டில் 62 பந்தயங்கள் வைத்தார்கள், அதில் மண் தடங்களும் ஏராளம். 1970-ல் ராலியில் நடந்ததுதான் மண்ணில் நடந்த கடைசி கப் பந்தயம். அதன் பிறகு அரை நூற்றாண்டு மண் பக்கமே போகவில்லை. 1972-ல் எண்ணிக்கையை 31 ஆகக் குறைத்தபோது சின்ன ஊர்த் தடங்கள் பல ஒரேயடியாக விழுந்தன.

ஒன்றரை மைல் தடங்கள் பெருகியது 1990களின் பிற்பாதியில். தொலைக்காட்சியால் ரசிகர் கூட்டம் பெருகிய காலம் அது. தென்கிழக்கு மாநிலங்களைத் தாண்டிப் பெருநகரங்களுக்குப் போக வேண்டும் என்று நினைத்தார்கள். டெக்சஸ், லாஸ் வேகாஸ், ஹோம்ஸ்டெட், கான்சஸ், சிகாகோலாண்ட், கென்டக்கி எல்லாம் சில ஆண்டுகளுக்குள் எழும்பின. ஒன்றரை மைல் ஏன் என்றால், அந்த அளவுத் தடத்தைச் சுற்றி ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார வைக்கலாம், எந்த இருக்கையிலிருந்தும் தடம் முழுக்கத் தெரியும், இண்டிகார் என்ற இன்னொரு தொடரின் பந்தயத்தையும் அங்கேயே நடத்தலாம். கட்டுகிறவர் கோணத்தில் பார்த்தால் புத்திசாலித்தனம்தான். 2017-ல் 36-ல் 11 பந்தயம் இந்த வகை. பட்டத்தை முடிவு செய்யும் கடைசி 10-ல் 5 இந்த வகை.

இதற்காகக் கொடுத்த விலைதான் பழைய ரசிகர்களுக்கு ஆறாத புண். நார்த் வில்க்ஸ்போரோவை இரண்டு தட முதலாளிகள் பாதிப் பாதியாக வாங்கினார்கள்; 1996-க்குப் பிறகு அதன் இரண்டு பந்தயங்களில் ஒன்று டெக்சஸுக்கும் மற்றது நியூ ஹாம்ப்ஷயருக்கும் போனது. தடத்தைப் புல் மூடியது. ராக்கிங்ஹாமில் கடைசி கப் பந்தயம் 2004 பிப்ரவரியில். மேட் கென்செத் 0.010 விநாடியில் ஜெயித்த அருமையான பந்தயம், அத்தோடு கதை முடிந்தது. அதே 2004-ல், 1950 முதல் டார்லிங்டனில் நடந்துவந்த செப்டம்பர் தொழிலாளர் தினப் பந்தயத்தைத் தூக்கி கலிபோர்னியாவின் ஃபோன்டானாவுக்குக் கொடுத்தார்கள். அங்கே கேலரி நிறையவே இல்லை. அப்புறம் அதை அட்லாண்டாவுக்கு மாற்றி, 2015-ல்தான் டார்லிங்டனுக்குத் திருப்பித் தந்தார்கள்.

ஃபோன்டானா கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக் கேள்விக்குமான பதில் அதற்குள் இருக்கிறது. 1997-ல் திறந்த 2 மைல் தடம் அது. முதல் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே நடந்த பந்தயங்கள் தூக்கம் வரவழைப்பவை. அகலமான தடம், புதுத் தார், கார்கள் நூல் பிடித்த மாதிரி போகும். எல்லோரும் திட்டினார்கள், 2010-க்குப் பிறகு இரண்டாவது பந்தயத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தாரை யாரும் மாற்றவில்லை. கலிபோர்னியா வெயிலில் அது காய்ந்து, வெளுத்து, சொரசொரப்பாகி, இடையில் விரிசல் விட்டது. டயர் தேய ஆரம்பித்தது. ஒருவர் மேலே சுவரோரம் ஓடுவார், இன்னொருவர் கீழே வெள்ளைக் கோட்டில், மூன்றாமவர் இரண்டுக்கும் நடுவில். வேகம் ஏறக்குறைய சமம். 2010களின் நடுவில் அது ஓட்டுநர்களுக்கு மிகவும் பிடித்த தடங்களில் ஒன்றாகிவிட்டது. அதே வடிவம், அதே நீளம், அதே சாய்வு. மாறியது தார் மட்டும். 2023 பிப்ரவரியில் கைல் புஷ் ஜெயித்த பந்தயத்தோடு அதை மூடி, நிலத்தில் பெரும்பகுதியை விற்றுவிட்டார்கள். அங்கே அரை மைல் ஷார்ட் டிராக் கட்டப்போவதாகத் திட்டம் சொன்னார்கள், அது எழும்பவில்லை. "குட்டித் தடம் கூட்டுங்கள்" என்ற கோஷத்துக்குப் பலியானது ஒரு நல்ல பெரிய தடம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: முதல் நாள் பிட்சில் எல்லோரும் சதம் அடிப்பார்கள், ஐந்தாம் நாள் பிட்சில்தான் யாருக்கு ஆடத் தெரியும் என்று தெரியும். புதுத் தாரில் டயருக்குப் பிடி அதிகம். எல்லாரும் ஒரே பாதையில் முழு வேகத்தில் போக முடியும்; பின்னால் வருபவருக்கு முந்த வேறு பாதையே கிடைக்காது. பழைய தாரில் 20 சுற்று போனதும் டயர் தளர்ந்துவிடும், வேகம் சுற்றுக்குச் சுற்று குறையும், டயரைக் காப்பாற்றியவர் காப்பாற்றாதவரைப் பிடிப்பார். டார்லிங்டனும் ஹோம்ஸ்டெட்டும் இப்படித்தான் பெயர் வாங்கின.

நார்த் வில்க்ஸ்போரோவே இதற்கு நல்ல சாட்சி. 2023-ல் புள்ளிகள் இல்லாத சிறப்புப் பந்தயமான ஆல்-ஸ்டாருக்காக அதை உயிர்ப்பித்தபோது 1981-ல் போட்ட தார் இன்னும் இருந்தது. அடுத்த ஆண்டு புதுத் தார் போட்டார்கள். 2024 ஆல்-ஸ்டாரில் 200 சுற்றில் 199 சுற்று ஜோயி லொகானோ ஒருவரே முன்னிலை. இதை ஷார்ட் டிராக் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை!

சரி, 2018-ல் தொடங்கிய மாற்றங்களுக்கு வருவோம். அதுவரை ரோடு கோர்ஸ் என்றால் சொனோமாவும் வாட்கின்ஸ் கிளென்னும் மட்டும். 2018-ல் சார்லட்டின் இலையுதிர்கால ஓவல் பந்தயத்தை, ஓவலில் பாதியும் உள்பாதையில் பாதியுமாக 'ரோவல்' ஆக்கினார்கள். தடங்களுடனான ஐந்தாண்டு ஒப்பந்தம் 2020-ல் முடிந்ததும் மடை திறந்த மாதிரி ஆயிற்று: 2021-ல் ரோடு கோர்ஸ் மட்டும் 7. ஆஸ்டின், ரோட் அமெரிக்கா, இண்டியானாபொலிஸின் உள்பாதை, டேட்டோனாவின் உள்பாதை எல்லாம் உள்ளே வந்தன. பிரிஸ்டல் கான்கிரீட் மேல் மண்ணைக் கொட்டி மண் பந்தயம். 2022-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியம் ஸ்டேடியத்துக்குள்ளே கால் மைல் தடம். 2023-ல் சிகாகோ நகரத் தெருக்கள். 2025-ல் மெக்சிகோ சிட்டி; அமெரிக்காவுக்கு வெளியே புள்ளிகளுக்காக நடந்த கப் பந்தயம் என்றால் 1958 டொரோண்டோவுக்குப் பிறகு அதுதான்.

இவற்றில் எத்தனை மிச்சம்? பிரிஸ்டல் மண் 2023-ஓடு போயிற்று. ரோட் அமெரிக்கா 2022-ஓடு. இண்டியானாபொலிஸ் 2024-ல் ஓவலுக்கே திரும்பியது. கொலிசியம் மூன்று முறை. சிகாகோ தெரு மூன்று முறை. அதற்குப் பதிலாக 2019-ல் கைவிட்ட அதே சிகாகோலாண்ட் ஒன்றரை மைல் தடத்தை 2026-ல் திரும்ப அழைத்திருக்கிறார்கள். ரோவலும் 2025-ஓடு முடிந்து சார்லட்டின் இலையுதிர்காலப் பந்தயம் ஓவலுக்குத் திரும்பியது. ஆக, முதல் முறை ஆச்சரியம், இரண்டாம் முறை பரவாயில்லை, மூன்றாம் முறை சீட்டு விற்கவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். புதிய ஊரில் கடை போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் புதுமை வேறு, நல்ல பந்தயம் வேறு.

இதற்கிடையில் 2022-ல் வந்தது 'நெக்ஸ்ட் ஜென்' கார். இந்த விவாதத்தையே தலைகீழாக்கியது அதுதான். பழைய காரின் 15 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 18 அங்குலம், அகலமான டயர், பெரிய பிரேக், பின்புறம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், வரிசையாக மாற்றும் 5 கியர், அடிப்பகுதியில் காற்றை இழுக்கும் டிஃப்யூசர். பாகங்கள் எல்லா அணிக்கும் பெரும்பாலும் ஒரே சப்ளையரிடமிருந்து. பழைய காரின் உடலை ஒரு பக்கமாகக் கோணலாக்கி, வளைவில் காற்றே காரைத் தாங்கிப் பிடிக்கும்படி செய்வார்கள். புதிய கார் இரண்டு பக்கமும் சமம், அதனால் வேகமான வளைவில் பின்பக்கம் சட்டென்று நழுவும். ஒன்றரை மைல் தடத்துக்கு அது அமிர்தம். ஓட்டுநர் உண்மையிலேயே ஓட்ட வேண்டியதாயிற்று; காரைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் மேலே போனார், மற்றவர் சுவரில் மோதினார். 2024 மே மாதம் கான்சஸில் கைல் லார்சன் கிறிஸ் பியூஷரை 0.001 விநாடியில் ஜெயித்தார். நாஸ்கார் கப் வரலாற்றிலேயே மிக நெருக்கமான முடிவு, அச்சில் வார்த்த ஓவல் என்று ஒரு காலத்தில் ஏளனம் செய்யப்பட்ட கான்சஸில்.

அதே கார் மார்ட்டின்ஸ்வில்லில் போனால் கதை வேறு. பெரிய பிரேக் என்பதால் எல்லோரும் வளைவுக்கு மிக அருகில் வந்துதான் பிரேக் பிடிக்கிறார்கள். பின்னால் வருபவர் "நான் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கிறேன்" என்று நுழைய இடமே இல்லை. வளைவில் தப்பு செய்தாலும் ஒரு கியர் குறைத்து வேகத்தை மீட்டுவிடலாம். அகலமான கெட்டி டயர் தேய்வதே இல்லை. போதாக்குறைக்கு 2021 வரை குட்டித் தடத்தில் 750 குதிரைத்திறன் கொடுத்தவர்கள் இந்தக் காருக்கு அதை 670 ஆக்கிவிட்டார்கள். முந்துவது எவ்வளவு கஷ்டம் என்றால், 2022 அக்டோபரில் கடைசிச் சுற்றில் இரண்டு இடம் முன்னேற வேண்டிய ராஸ் சாஸ்டெயின், காரைச் சுவரோடு சாய்த்து, காலை எடுக்காமல் முழு வேகத்தில் கடைசி இரண்டு வளைவுகளையும் சுற்றி வந்தார். உலகமே பார்த்து வியந்த காட்சி அது. நாஸ்கார் பிறகு அதைத் தடுத்துவிட்டது. ஒரு திறமையான ஓட்டுநருக்கு சுவரைத் தவிர வேறு பாதை கிடைக்கவில்லை என்பதையும் அந்தக் காட்சியிலேயே பார்க்கலாம்.

மார்ட்டின்ஸ்வில் பேச்சு வந்ததால் ஒரு துணைச் செய்தி: நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் பிக்கப் டிரக்குகள் ஓடும் நாஸ்கார் டிரக் தொடரில் அறிமுகமானது இந்தத் தடத்தில்தான். ஒரு காலத்தில் ஃபார்முலா 1 கார் ஓட்டியவர், இந்தக் குட்டி ஓவலுக்கு வந்து 13-வது இடம். அந்த ஆண்டு ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநரும் அவரே.

குட்டித் தடங்கள் பிழைக்க வழி உண்டா? உண்டு, அதைப் பிரிஸ்டல் தற்செயலாகக் காட்டியது. 2024 மார்ச் பந்தயத்தில் டயர்கள் யாரும் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தன. 50 சுற்றுக்குள் நூல் தெரியும் நிலை. அணிகள் பதறின, சில ஓட்டுநர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் அன்றைக்கு 54 முறை முன்னிலை மாறியது. குட்டித் தடத்தில் அது சாதனை. டென்னி ஹாம்லின், மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர் போன்ற அனுபவசாலிகள் டயரைச் செல்லமாக ஓட்டி முன்னால் வந்தார்கள், ஹாம்லின் ஜெயித்தார். அதே பிரிஸ்டல், அதே கார். டயர் தேய்ந்தது மட்டும்தான் புதிது. 2026 முதல் ஒன்றரை மைலுக்குக் குறைவான ஓவல்களிலும் ரோடு கோர்ஸ்களிலும் மறுபடி 750 குதிரைத்திறன் தருகிறார்கள். இது சரியான திசை, ஆனால் 80 குதிரைத்திறன் தனியாக அதிசயம் செய்யாது. குட்இயர் துணிந்து மென்மையான டயர் தந்தால்தான் பலன் தெரியும். டயர் நிறுவனத்தின் கஷ்டமும் புரிகிறது: பந்தயத்தில் டயர் கிழிந்தால் மறுநாள் எல்லோரும் அவர்களைத்தான் திட்டுவார்கள்.

ரோடு கோர்ஸ் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது: நாலு போதும். நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் 2023-ல் சிகாகோ தெருவில் முதல் கப் பந்தயத்திலேயே ஜெயித்தது மகத்தான தருணம். அறிமுகப் பந்தயத்திலேயே ஒருவர் ஜெயித்தது 1963-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸில் மூன்று முறை சாம்பியன் அவர். ஆனால் 2025-ல் முழு நேரம் ஓட வந்ததும் 6 ரோடு கோர்ஸ் பந்தயங்களில் 5-ஐ அவரே எடுத்துக்கொண்டார். மெக்சிகோவில் இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் 16 விநாடிக்கு மேல் இடைவெளி. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, மற்றவர்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளும் வரை ரோடு கோர்ஸைக் கூட்டினால் பார்ப்பவருக்கு என்ன கிடைக்கும்? இன்னொன்றும் இருக்கிறது. ரோடு கோர்ஸ் பார்க்க வேண்டும் என்றால் உலகத்தில் எத்தனையோ தொடர்கள் உண்டு. 38 கனமான கார்கள் ஒரு மைலுக்குள் முட்டி மோதுவதற்கு நாஸ்காரை விட்டால் போக்கிடம் இல்லை.

எனக்கு உறுத்துவது கூட்டமாக ஓடும் தடங்கள். 1987-ல் டல்லடேகாவில் பில் எலியட் மணிக்கு 212.809 மைல், அதாவது சுமார் 342 கிலோமீட்டர் வேகத்தில் தகுதிச் சுற்று ஓடினார். அந்தப் பந்தயத்தில் பாபி அலிசனின் கார் பறந்து ரசிகர் பக்க வேலியைக் கிழித்தது. அடுத்த ஆண்டிலிருந்து டேட்டோனாவிலும் டல்லடேகாவிலும் இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்து வேகத்தைக் கட்டினார்கள். அதன் பக்க விளைவுதான் கூட்ட ஓட்டம்: எல்லாக் காரும் முழு ஆக்சிலரேட்டரில், சம வேகத்தில், 30 கார் ஒரே மந்தையாக. ஒருவர் சறுக்கினால் பதினைந்து கார் நொறுங்கும். ஆண்டுக்கு நாலு முறை என்றால் அது திருவிழா. 2022-ல் அட்லாண்டாவின் 1997 தாரைத் தோண்டி எடுத்து, சாய்வை 24-லிருந்து 28 டிகிரி ஆக்கி, அதையும் இந்த வகையில் சேர்த்துவிட்டார்கள். பழைய அட்லாண்டா, டயர் தின்னும் அருமையான தடம். ஓட்டுநர்கள் வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. புதிய அட்லாண்டாவும் மோசம் என்று சொல்ல முடியாது. 2024-ல் டேனியல் சுவாரெஸ், ரயன் பிளேனி, கைல் புஷ் மூவரும் 0.007 விநாடிக்குள் கோட்டைத் தொட்டார்கள். ஆனால் 36-ல் 6 பந்தயம் பாதி லாட்டரி என்பது அதிகம். போதாததற்கு இந்தக் காரில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் உத்தி வேறு வந்துவிட்டது: பெட்ரோல் நிரப்ப பிட்டில் (தடத்தோர நிறுத்தத்தில்) நிற்கும் நேரத்தைக் குறைக்க, பந்தயத்தின் நடுவில் முழுக் கூட்டமும் பாதி ஆக்சிலரேட்டரில் உருள்கிறது. பந்தயம் என்று சொல்லி மெதுவாகப் போவதைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்?

இனி, யார் கையில் முடிவு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டேட்டோனா, டல்லடேகா, டார்லிங்டன், மார்ட்டின்ஸ்வில், ஃபீனிக்ஸ், கான்சஸ் போன்ற தடங்களை வைத்திருந்த நிறுவனத்தை நாஸ்கார் 2019-ல் முழுதாக வாங்கிவிட்டது. சார்லட், பிரிஸ்டல், அட்லாண்டா, லாஸ் வேகாஸ், டெக்சஸ் எல்லாம் ஸ்மித் குடும்பத்தின் ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸ் கையில். 2026-ன் 36 பந்தயங்களில் 31 இந்த இரண்டு முதலாளிகளின் தடங்களில்தான். 2025 முதல் ஏழாண்டு தொலைக்காட்சி ஒப்பந்தம் 770 கோடி டாலர். அதில் தடங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு பந்தயம் கையிலிருந்தால் கேலரி காலியாக இருந்தாலும் பணம் வரும். யாராவது தன் இரண்டாவது பந்தயத்தைச் சும்மா விட்டுக் கொடுப்பாரா? அதனால் ஸ்மித் குடும்பம் ஒரு பந்தயத்தை இழந்தால் அது அவர்களின் வேறொரு தடத்துக்கே போகும். நார்த் வில்க்ஸ்போரோவுக்கு 1996-க்குப் பிறகு 2026-ல் புள்ளிப் பந்தயம் திரும்பியதும் அவர்களுடைய தடம் என்பதால்தான் முடிந்தது. வெளியாட்கள் தடம் கட்டிக் காத்திருந்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த வரம்புக்குள் நான் என்ன மாற்றுவேன்? அட்லாண்டாவின் இரண்டாவது பந்தயத்தை எடுத்துவிடுவேன். ஃபீனிக்ஸுக்கு ஒன்று போதும். 2020 முதல் 2025 வரை பட்டத்தை அங்கே முடிவு செய்தார்கள், ஆனால் முன்னால் போனவரைப் பிடிக்க முடியாத தடம் அது. 2025-ல் ஹாம்லின் கையிலிருந்த பட்டம் எல்லோரையும் மெதுவாக்கி மறுபடி ஒன்றுசேர்க்கும் மஞ்சள் கொடி கடைசி நேரத்தில் வந்ததால் நழுவி, அன்று ஒரு சுற்றுகூட முன்னிலை வகிக்காத லார்சனிடம் போனது. 2026-ல் இறுதிப் பந்தயத்தை ஹோம்ஸ்டெட்டுக்கு மாற்றியதும், நடுவில் ஆட்களை வெளியேற்றாத பழைய பத்துப் பந்தயக் கணக்குக்குத் திரும்பியதும் நல்ல முடிவுகள். லாஸ் வேகாஸிலும் ஒன்றைக் குறைக்கலாம்; இப்படிக் கிடைக்கும் மூன்றில் ஒன்று ராக்கிங்ஹாமுக்கு. அங்கே 2025-ல் இரண்டாம் நிலைத் தொடரும் டிரக் தொடரும் திரும்ப வந்துவிட்டன, கப் மட்டும் பாக்கி. ஒன்று நாஷ்வில் நகரத்துக்குள் இருக்கும் பழைய ஃபேர்கிரவுண்ட்ஸ் தடத்துக்கு. 1984-க்குப் பிறகு கப் அங்கே போகவில்லை, நகராட்சி அரசியல் சம்மதித்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. மூன்றாவதை ஆண்டுக்கு ஒரு ஊர் என்று சுற்ற விடலாம். தெருவோ, வெளிநாடோ, கடற்படைத் தளமோ, புதுமை வேண்டுபவர்களுக்கு அது. ஒன்றரை மைல் பந்தயங்களை எட்டுக்குக் கீழே இறக்க மாட்டேன். அப்புறம், அடிப்பகுதி உண்மையிலேயே பெயர்ந்து வராதவரை எந்தத் தடத்துக்கும் புதுத் தார் போட அனுமதி தர மாட்டேன்.

மண் தடம் வேண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டும் என்றால் உண்மையான மண் தடத்துக்குப் போகட்டும். ஒஹையோவின் எல்டோராவில் 2013 முதல் 2019 வரை டிரக் தொடர் ஓடியது, அத்தனை ஆண்டும் பார்க்க நன்றாக இருந்தது. பிரிஸ்டல் கான்கிரீட் மேல் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, பிறகு அள்ளி எடுக்கும் வேலையை மட்டும் இன்னொரு முறை செய்ய வேண்டாம்.